வடிகட்டி உள்ளேயே அமைந்த சிறிய முருகைத் தொட்டி: திருகோணமலையில் தொடங்குவோருக்கான வழிகாட்டி

திருகோணமலையில் மீனும் முருகையும் (பவளமும்) வளர்க்கக் கடல்நீர்த் தொட்டி வைக்கப்போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும், "கடல் காலடியிலேயே கிடக்கிறது, உமக்கென்ன குறை" என்றுதான் பதில் வரும். அந்தப் பேச்சை நம்பி வாளியோடு கரைக்குப் போகிறவர்களே இந்த வேலையில் அதிகம் செலவழிக்கிறார்கள். கடல் பக்கத்தில் இருப்பது தண்ணீருக்கு ஆண்டில் சில மாதங்கள் உதவும். கல்லுக்கும் மணலுக்கும் உயிரினங்களுக்கும் சட்டப்படி உதவவே மாட்டாது. எனவே இந்தத் தொட்டியைக் கடலுக்கு எட்டாத அனுராதபுரத்தில் கட்டுவதாக நினைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். பாதிச் சிக்கல் அப்போதே தீர்ந்துவிடும்.

இங்கே விவரிக்கப்படுவது 60 சென்ரிமீற்றர் நீளமும் 45 சென்ரிமீற்றர் அகலமும் 40 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி. பின்பக்கம் 11 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு தடுப்பறை இருக்கும். வடிகட்டும் பொருள்களும் பம்பும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். கண்ணாடியில் துளை போடத் தேவையில்லை, கீழே இரண்டாவது தொட்டியும் வேண்டாம், மின்சாரம் நின்றால் வீட்டுக்குள் தண்ணீர் வழிவதுமில்லை. இதைவிடச் சிறியதாகக் கட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். தண்ணீரின் அளவு குறையக் குறையச் சூடும் உப்பும் வேகமாக ஏறி இறங்கும், அதைத் தாங்கும் உயிர்கள் மிகக் குறைவு.

1. கட்டத் தொடங்கும் முன் சட்டத்தையும் ஆவணங்களையும் பாருங்கள்

இலங்கையில் கல்முருகை (சுண்ணாம்புக் கூட்டைக் கட்டி வளரும் முருகை) இனங்கள் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் வெள்ளை முருகைத் துண்டு செத்துப்போனதுதானே என்று எடுத்துவந்து தொட்டியில் அடுக்குவதும் உங்களை வம்பில் மாட்டிவிடும். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்கா. அங்கே ஒரு சிப்பியைக்கூட எடுக்க முடியாது. கரையோர மணலை அள்ளுவதற்கும் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். படகுக்காரர் யாராவது "நல்ல உயிர்க்கல் இருக்கிறது, இரவில் கொண்டுவந்து தருகிறேன்" என்று, கடலுயிர்கள் குடியேறிய கல்லைக் காட்டிச் சொன்னால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். பிடிபட்டால் கேள்வி அவருக்கு மட்டுமல்ல, பொருளை வைத்திருக்கும் உங்களுக்கும் வரும்.

ஆகவே மூன்று விதிகளை வைத்துக்கொள்ளுங்கள். கல் செயற்கையாகச் செய்ததாகவோ கடையில் பற்றுச்சீட்டோடு வாங்கிய உலர்ந்த கல்லாகவோ இருக்க வேண்டும். மீன், முடிந்தவரை, வளர்ப்பகத்தில் பிறந்ததாக இருக்க வேண்டும். முருகை வாங்கினால் கல்முருகையைத் தவிர்த்து, தொட்டியிலேயே வெட்டி வளர்த்த மென்முருகைத் துண்டுகளை மட்டும், இனத்தின் பெயரும் வந்த வழியும் எழுதப்பட்ட பற்றுச்சீட்டோடு வாங்க வேண்டும். பற்றுச்சீட்டில் "மீன் சாமான்" என்று மட்டும் எழுதித் தருவார்கள், அதை ஏற்காதீர்கள். எனக்கு ஒரு கடையில் இனத்தின் பெயரை எழுதுவிக்க அரைமணி நேரம் நின்று பேச வேண்டியிருந்தது. ஏதாவது ஓர் இனத்தைப் பற்றி ஐயம் இருந்தால், வனசீவராசிகள் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் எழுதி எழுத்திலேயே பதில் வாங்கி, எல்லாத் தாள்களையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள்.

2. கல்லை முதலில் செய்யத் தொடங்குங்கள்

பலரும் கண்ணாடியிலிருந்து தொடங்குவார்கள். ஆனால் அதிக நாள் பிடிப்பது கல்தான். செயற்கைக் கல் தண்ணீரில் ஊறிப் பக்குவமாக ஆறு கிழமைகள் எடுக்கும்; அதற்குள் கண்ணாடி வேலை முழுவதையும் முடித்துவிடலாம்.

ஒரு பங்கு வெள்ளைச் சீமெந்து, நான்கு பங்கு கோழித்தீனிக்கு விற்கும் சிப்பி ஓட்டுத் துகள், ஒரு பங்கு கல்லுப்பு ஆகியவற்றைச் சேர்த்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்குமளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். தண்ணீர் கூடினால் கல் இறுகிப்போய் உள்ளே துவாரமே இராது. ஈரமணல் நிரப்பிய பேசினில் குழி பறித்து, கலவையை அதில் அள்ளிவைத்து, விரலால் குகைகளையும் துளைகளையும் அமைத்து, ஈரச் சாக்கால் மூடி மூன்று நாள் விடுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் அமிழ்த்தி, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை தண்ணீரை மாற்றிக்கொண்டே வாருங்கள். உப்புக் கரைந்து போன இடங்களில் நுண்துளைகள் உண்டாகும். மீனின் கழிவை மாற்றும் பக்ரீரியாக்கள் குடியேறப்போவது அங்கேதான். சீமெந்திலிருந்து கசியும் சுண்ணாம்பு தண்ணீரின் பீஎச்சை, அதாவது அமில கார அளவை, மிகவும் உயர்த்தும். அதனால் அவசரப்படாமல், கல்லை மூடிய வாளியில் இரண்டு நாள் ஊறவிட்ட பின் பீஎச் அளவு 8.5க்குக் கீழே நிற்கிறதா என்று பார்த்த பிறகே தொட்டிக்குக் கொண்டுபோங்கள். பத்துக் கிலோ கல் இந்தத் தொட்டிக்குப் போதும்.

3. கண்ணாடியை வெட்டுவித்தல்

கண்ணாடிக் கடைக்கு எல்லா அளவுகளையும் மில்லிமீற்றரில் எழுதிய தாளைக் கொண்டுபோங்கள். வாயால் சொன்னால் அடியும் அங்குலமும் நடுவில் புகுந்துவிடும். எட்டு மில்லிமீற்றர்க் கண்ணாடி இந்த உயரத்துக்குப் போதுமான தடிப்பு. அடித்தகடு 600க்கு 450. முன்னும் பின்னும் 600க்கு 392. பக்கத் தகடுகள் 432க்கு 392. சுவர்கள் அடித்தகட்டின் மேல் நிற்கும். பக்கத் தகடுகள் முன்பின் தகடுகளுக்கு இடையே அடங்கும். ஓரங்களைத் தீட்டித் தரச் சொல்லுங்கள். கையைக் காப்பதோடு, விளிம்பில் உள்ள நுண்வெடிப்புகள் பிற்காலத்தில் ஓடாமலும் அது காக்கும்.

பின்னறையின் தடுப்புச் சுவருக்கு ஐந்து மில்லிமீற்றர்க் கறுப்புச் சாயக் கண்ணாடி நல்லது. அக்ரிலிக்கை வெட்டுவது இலகு என்றாலும், அது தண்ணீரில் வளையும், சிலிக்கனும் அதில் சரியாகப் பிடிக்காது. இந்தச் சுவரில் தண்ணீர் பின்னறைக்கு வழிய ஒரு வெட்டு வேண்டும். ஒரே தகட்டில் மூலையை வெட்டச் சொன்னால், உட்கோணத்திலிருந்து வெடிப்பு ஓடும். அதற்குப் பதிலாக 460க்கு 370 அளவில் ஒன்றும் 120க்கு 340 அளவில் ஒன்றுமாக இரண்டு தகடுகளைப் பக்கத்துப் பக்கமாக ஒட்டினால், குட்டையான தகட்டின் மேலே மூன்று சென்ரிமீற்றர் ஆழமுள்ள வழிவாய் தானாகவே அமையும். அதில் மீன் நுழையாதிருக்கத் தடித்த பிளாஸ்டிக் வலையைச் சீப்புப் போல வெட்டிச் செருகுங்கள்.

4. ஒட்டுதல்

ஒட்டுவதற்கு, காயும்போது வினாகிரி மணம் வருகிற நூறு வீதச் சிலிக்கனே வேண்டும். குளியலறைக்கென்று விற்கும் பூஞ்சணத் தடுப்புச் சேர்ந்த வகை மலிவாகவும் கைக்கெட்டியும் கிடைக்கும். அது மீனுக்கு நஞ்சு. டப்பாவின் பின்பக்கத்தை வாசிக்காமல் வாங்காதீர்கள்.

ஓரங்களை அசற்றோனால் துடைத்து, விரல்படாமல் பிடித்து, மறைப்பு நாடாவை இருபுறமும் ஒட்டி, ஒவ்வொரு மூட்டுக்கும் இடைவெளியில்லாத ஒரே கோடாகச் சிலிக்கனை இட்டு, தகட்டை அமர்த்துங்கள். பிதுங்கி வெளிவரும் அளவுக்கு அழுத்தினால் போதும். முழுவதையும் நெருக்கி வெளியேற்றிவிட்டால் கண்ணாடி கண்ணாடியில் முட்டும், மூட்டுக்கு வலு இராது. ஐந்து நிமிடத்துக்குள் உள்மூலையை விரலால் ஒரே இழுப்பில் வழித்து நாடாவை உரித்துவிட வேண்டும். தோல் பிடித்த பின் தொட்டால் மூட்டுப் பிய்ந்துவரும். வெளிச் சுவர்கள் ஒரு நாள் நின்ற பின் உள் தடுப்புகளை ஒட்டுங்கள். பிறகு ஏழு நாள் தொடாதீர்கள். அதன்பின் முற்றத்தில் வைத்து, நல்ல தண்ணீரை விளிம்புவரை நிரப்பி மூன்று நாள் விடுங்கள்; அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தால் சிறு கசிவும் தெரியும்.

5. பின்னறையின் அமைப்பு

முழு வேலையிலும் மூளையைச் செலவிட வேண்டிய இடம் இதுதான். பின்னறையை நீளவாக்கில் மூன்றாகப் பிரியுங்கள்: வழிவாய்க்குப் பின்னால் 15 சென்ரிமீற்றர், நடுவில் 26, கடைசியில் 16 சென்ரிமீற்றர் சொச்சம். முதலாம் அறைக்கும் இரண்டாம் அறைக்கும் இடையிலான தடுப்பை அடியில் நான்கு சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு ஒட்டுங்கள். தண்ணீர் அதன் கீழால் நுழையும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையிலான தடுப்பு அடியிலிருந்து எழுந்து 26 சென்ரிமீற்றரில் நிற்கும். தண்ணீர் அதன் மேலால் வழிந்து பம்பறைக்குள் விழும். இவ்வாறு அமைத்தால் முதல் இரண்டு அறைகளிலும் தண்ணீரின் மட்டம் எப்போதும் மாறாது. தொட்டியிலிருந்து ஆவியாகிப் போகும் தண்ணீர் முழுவதும் கடைசி அறையின் மட்டத்தில்தான் குறைந்து காட்டும்.

முதலாம் அறையில் வெள்ளைப் பஞ்சை வையுங்கள். மூன்று நாளுக்கொருமுறை அது மாற்றப்பட வேண்டும். நடு அறையில் பீங்கான் வளையங்களோ உடைத்த கல்லோ அடியிலும், வலைப்பையில் கிளர்வூட்டிய கரி மேலேயும் இருக்கட்டும். கடைசி அறையில் மணிக்கு 400 முதல் 600 லீற்றர் தள்ளும் பம்பு. அதன் குழாயைத் தடுப்புச் சுவரின் மேலால் கொண்டுவந்து, வாயை முன்தொட்டியின் நீர்மட்டத்துக்கு இரண்டு சென்ரிமீற்றர் கீழே மட்டும் அமிழ்த்துங்கள். ஆழமாக அமிழ்த்தினால், மின்சாரம் நிற்கும்போது தண்ணீர் அதே குழாய் வழியே பின்னோக்கி இழுபட்டு, மேலே இருக்கும் முருகைகள் காற்றில் நிற்கும்.

நிரப்பும் முன் தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். பம்பறையின் பரப்பு ஏறத்தாழ 180 சதுர சென்ரிமீற்றர். இயங்கும்போது மட்டம் 22 சென்ரிமீற்றரில் நிற்கிறது, பம்பு காற்றிழுக்காமல் இருக்க 8 சென்ரிமீற்றர் வேண்டும் என்றால், உங்கள் கையிருப்பு 14 சென்ரிமீற்றர். அதாவது இரண்டரை லீற்றர். வழிவாய் பாசியால் அடைபட்டு, பம்பு அந்த இரண்டரை லீற்றரையும் முன்தொட்டிக்குத் தள்ளினாலும், அங்கே மட்டம் ஒன்றரை சென்ரிமீற்றருக்கும் குறைவாகவே உயரும். வெளிச்சுவர் அதைத் தாங்கும். பம்பறையை "கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்" என்று அகலமாக்கினால் இந்தப் பாதுகாப்புப் போய்விடும். அளவுகளை மாற்றுகிறவர்கள் கணக்கையும் மாற்றிப் போடுங்கள்.

6. இடமும் தாங்கியும்

நிரம்பிய தொட்டி, கல்லோடு 120 கிலோவை எட்டும். திருகோணமலைக் காற்றில் இரும்புத் தாங்கி இரண்டு மாரிக்குள் துருவேறிவிடும். ஒட்டுப்பலகையில் தண்ணீர் சிந்தினால் ஊதும். சீமெந்துக் கல்லை அடுக்கி மேலே ஒரு பலகை போட்ட தாங்கி அழகில் குறைந்தாலும் அதற்கு ஈடில்லை. பலகைக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு சென்ரிமீற்றர் ரெஜிபோம் தகடு வையுங்கள். மேற்கு யன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள்.

7. தண்ணீரும் உப்பும்

கல்லும் மணலும் போக, தொட்டியில் எழுபது லீற்றரை ஒட்டிய தண்ணீர் நிற்கும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, வடித்த தண்ணீரில், அதாவது கரைந்த பொருள்கள் நீக்கப்பட்ட நல்ல தண்ணீரில், முருகைத் தொட்டிக்கான உப்பைக் கரைப்பது. குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. கிணற்றுத் தண்ணீர் வன்மையானது, தோட்டம் துரவு உள்ள பக்கங்களில் நைத்திரேற்றும் சேர்ந்திருக்கும். இரண்டையும் நேரே ஊற்றினால் பாசி உங்களை விடாது. குடிதண்ணீர் சுத்திகரித்து விற்கும் நிலையங்களில், கரைந்த திண்மங்களை அளக்கும் பேனா போன்ற மானியைக் கையோடு கொண்டுபோய், வாங்கும் முன் அளந்து பாருங்கள். பத்துக்குக் கீழே காட்டினால் வாங்கலாம். சில இடங்களில் சுவைக்காகக் கனிமம் சேர்ப்பார்கள். மானி அதைக் காட்டிக்கொடுக்கும். உப்பு, லீற்றருக்கு 36 முதல் 38 கிராம் என்ற கணக்கில், தொடக்கத்துக்கு மூன்று கிலோ போகும். சமையல் உப்பில் கல்சியமும் மக்னீசியமும் வேண்டிய அளவில் இல்லை. அதை இங்கே நினைக்கவே வேண்டாம். தண்ணீருக்குள் உப்பைப் போடுங்கள், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். இல்லாவிட்டால் கல்சியம் வெள்ளை மாவாகப் படிந்துவிடும்.

இரண்டாவது வழி கடல்நீர். வைகாசி முதல் புரட்டாசி வரை மழையில்லாத நாள்களில், உப்புவெளி நிலாவெளிப் பக்கத்துத் திறந்த கரையில், வற்று முடிந்து பெருக்கு நிறையும் நேரத்தில் எடுக்கும் தண்ணீர் நல்லதாகவே இருக்கும். உள்துறைமுகத்திலும் வள்ளங்கள் நிற்கும் கரைகளிலும் எண்ணெய் மிதக்கும், அங்கே எடுக்காதீர்கள். மகாவலி வந்து கலக்கும் கொட்டியாரக் குடாவின் தண்ணீரையும் தவிருங்கள். வாடைக்காற்று மாதங்களில் மழைநீரும் ஆற்றுநீரும் சேர்ந்து கரையோரக் கடலின் உப்பே குறைந்துவிடும், கலங்கலும் கூடும். எடுத்த தண்ணீரை நெருக்கமான துணியில் வடித்து, மூடிய பரலில் இருட்டில் இரண்டு கிழமை வைத்து, தெளிந்ததை மட்டும் மேலாக இறைத்து, உப்பை அளந்து திருத்திப் பாவியுங்கள். இரண்டில் எது என்று கேட்டால், புதியவர் முதலாம் ஆண்டில் பைக்கற்று உப்பிலேயே நிற்பது நல்லது என்பேன். ஏதாவது பிழைத்தால், தண்ணீரைச் சந்தேகிக்கும் வேலை ஒன்று குறையும்.

உப்பின் அளவு ஆயிரத்துக்கு 35 பங்கு, ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026. மிதக்கும் மலிவான மானி பொய் சொல்லும். ஒளிமுறிவுமானி ஒன்று வாங்கி, அதை 35க்கான நியமக் கரைசலால் சரிபாருங்கள்.

8. சூடும் ஆவியாதலும்

குளிர்நாட்டுக் குறிப்புகளை வாசித்துச் சூடாக்கி வாங்குகிறவர்கள் உண்டு. இங்கே அதற்கு வேலையில்லை. நமது சிக்கல் தலைகீழானது. தண்ணீர் 26 பாகைக்கும் 28 பாகைக்கும் இடையில் நின்றால் நல்லது. 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் முருகை வெளிறத் தொடங்கும், தண்ணீரில் ஒட்சிசனும் குறையும். கச்சான் வீசும் மாதங்களில் நடுப்பகலில் வீட்டுக்குள்ளேயே 33, 34 பாகை இருக்கும்.

குளிர்விக்கும் இயந்திரம் இல்லாமலே இதைச் சமாளிக்கலாம். கணினிக்குப் பூட்டும் சிறிய மின்விசிறிகள் இரண்டை விளிம்பில் பொருத்தி, நீர்மட்டத்தைச் சாய்வாக வருடுமாறு ஓடவிட்டால் இரண்டு மூன்று பாகை இறங்கும். கச்சான் உலர்ந்த காற்று என்பதால், நம்மை வாட்டும் அந்த மாதங்களில்தான் விசிறி மிக நன்றாக வேலை செய்யும். வாடைக்கால ஈரக் காற்றில் அதன் பலன் குறையும், ஆனால் அப்போது தேவையும் குறைவு. கண்ணாடி மூடி போடாதீர்கள். மீன் பாயாமல் இருக்க நூல்வலை போதும்.

இதற்கு விலையாகத் தண்ணீர் போகும். விசிறி ஓடும் நாளில் ஒரு லீற்றருக்கு மேல், காற்று மும்முரமான நாளில் இரண்டு லீற்றர் அளவுக்கும் ஆவியாகலாம். உப்பு ஆவியாகாது. இரண்டரை லீற்றர் குறைந்து, பம்பறை வற்றும் நிலைக்கு வந்தால், 35ஆக இருந்த உப்பு 36ஐத் தாண்டிவிடும். இது நாள்தோறும் ஏறி இறங்கினால் மென்முருகைகூடச் சுருங்கிக்கொள்ளும். குறைந்ததை நிரப்ப வேண்டியது வடித்த நல்ல தண்ணீரால். உப்புத் தண்ணீரால் நிரப்பினால் ஒவ்வொரு நாளும் உப்பு ஏறிக்கொண்டே போகும். பம்பறையின் வெளிக் கண்ணாடியில் 22 சென்ரிமீற்றரில் ஒரு நாடாவை ஒட்டி, காலையும் மாலையும் அந்தக் கோட்டுக்கு நிரப்புவது ஒரு வழி. பக்கத்தில், தொட்டியைவிட உயரமான இடத்தில், கானொன்றில் தண்ணீர் வைத்து, பம்பறையில் சிறிய மிதவை வால்வைப் பூட்டுவது இன்னொரு வழி. வால்வு ஒருநாள் அடையாமல் திறந்தபடி நின்றாலும் கெடுதி வராதிருக்க, கானில் ஐந்து லீற்றருக்கு மேல் வைக்காதீர்கள். இரண்டு நாள் வீட்டைவிட்டுப் போவதென்றால் மிதவை வால்வு இல்லாமல் போகவே கூடாது.

9. மின்சாரம்

தொட்டிக்கென்று 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சு ஒன்று பூட்டுவியுங்கள். உப்புத் தண்ணீரோடு விளையாட்டு வேண்டாம். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேற வேண்டும். அப்போது வயர் வழியே வழியும் துளி தரையில் சொட்டும், பிளக்குக்குள் போகாது. மாரியில் மின்சாரம் மணிக்கணக்கில் நிற்பது நமக்குப் புதிதல்ல. பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

பம்பு வாங்கும்போது உப்புநீருக்கு ஏற்றதா என்று கேளுங்கள். உள்ளே பித்தளைத் திருகு இருந்தால் செப்பு கரைந்து இறாலையும் நத்தையையும் முருகையையும் கொல்லும்.

10. காத்திருக்கும் காலம்

கல்லை அடுக்கி, விரும்பினால் கடையில் வாங்கிய அரகோனைற்று (சுண்ணாம்பு) மணலை இரண்டு சென்ரிமீற்றருக்கு விரித்து, தண்ணீரை ஓடவிட்ட பின்னும் மீன் விடக்கூடாது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் அதை நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்ரீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு கிழமைகள் வேண்டும். போத்தலில் பக்ரீரியா கிடைத்தால் சில நாள் மிச்சமாகும்.

அவற்றுக்கு உணவாக, செத்த இறாலைப் போட்டு வீட்டை நாறடிக்க வேண்டியதில்லை. தூய நவச்சாரம் (அமோனியம் குளோரைட்டு) அரைக் கிராம் இந்தத் தொட்டிக்கு லீற்றருக்கு இரண்டு மில்லிகிராம் அளவு அமோனியாவைத் தரும். சோதனைக் கரைசலால் ஒன்றுவிட்ட ஒருநாள் அளந்து எழுதுங்கள். அமோனியா ஏறி இறங்கும். அதன் பின்னால் நைத்திரைற்று ஏறி இறங்கும். அரைக் கிராம் இட்ட 24 மணி நேரத்தில் இரண்டும் பூச்சியமானால் தொட்டி ஆயத்தம். அதன்பின் பழுப்புப் பாசி எல்லாவற்றையும் மூடும். பதறி மருந்து ஊற்றாதீர்கள், சில கிழமைகளில் தானாகப் போய்விடும்.

கார்த்திகையில் கல்லைச் செய்யத் தொடங்கினால் மாசி அளவில் முதல் மீனை விடலாம். வெயில் ஏறுமுன் தொட்டி நிலைபெறச் சில கிழமைகள் கிடைக்கும் என்பதால் அதுவே இந்த ஊருக்கு ஏற்ற காலம்.

11. மீனும் முருகையும்

இந்த அளவுக்கு வளர்ப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் இரண்டு, ஒரு சிறிய கோபி மீன், துப்புரவுக்குச் சில நத்தைகள். இதோடு நிறுத்துங்கள். நீலச் சத்திரமீனுக்கு (புளூ டாங்) இதைப் போல் பல மடங்கு இடம் வேண்டும். சிங்கமீன் மற்றவற்றைத் தின்றுவிடும். மற்ற மீன்களின் உடலில் உள்ள ஒட்டுண்ணிகளைத் தின்னும் துப்புரவு மீன் இரை கிடைக்காமல் இளைத்துச் சாகும். கடைக்காரர் மூன்றையும் உங்களுக்குக் காட்டுவார்.

கொழும்பிலிருந்து பஸ்ஸிலோ இரவு ரயிலிலோ கொண்டுவருகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். பை பூட்டியிருக்கும் மணித்தியாலங்களில் மீன் விடும் கரியமில வாயுவால் தண்ணீரின் பீஎச் இறங்கும். அதனால் சேர்ந்துகொண்டு வரும் அமோனியா நஞ்சு குறைந்த வடிவில் அடங்கிக் கிடக்கும். பையை அவிழ்த்ததும் அந்த வாயு வெளியேறி, பீஎச் ஏறி, அடங்கிக் கிடந்த அமோனியா நஞ்சாகும். ஆகவே பையைத் திறந்து வைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் தண்ணீர் சேர்ப்பது இவ்வளவு தூரம் வந்த மீனுக்குக் கெடுதி. அதற்கு மாறாக, கடையில் என்ன உப்பில் வைத்திருந்தார்கள் என்று முன்னரே கேட்டு, அதே உப்பில் ஒரு வாளித் தண்ணீரை ஆயத்தம் செய்து, பையை மூடியபடி மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்தி, அவிழ்த்தவுடன் மீனை மட்டும் மாற்றிவிடுங்கள். பல கடைகள் செலவைக் குறைக்க உப்பைக் குறைத்தே வைத்திருக்கும். வாளியில் காற்றோட்டத்தோடு வைத்து, சில நாள்களில் கொஞ்சம் கொஞ்சமாக 35க்கு ஏற்றலாம். அந்த வாளியிலேயோ தனித் தொட்டியிலேயோ நான்கு கிழமை வைத்து, வெண்புள்ளி நோய் இல்லையென்று கண்ட பிறகே பெரிய தொட்டிக்கு. பைத் தண்ணீரில் செப்பு மருந்து இருக்கக்கூடும். அதைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

மீன் விட்டு இரண்டு மாதம் சென்றபின் மென்முருகை: காளான் முருகை, தோல் முருகை, பட்டன் முருகை. வெளிச்சத்தை முதலில் பாதி வலுவில், ஆறு மணி நேரம் கொடுத்து, மாதத்தில் எட்டு மணி நேரமாக்குங்கள். பட்டன் முருகையில் கொடிய நஞ்சு இருக்கக்கூடும் என்பதால் கையுறையும் கண்காப்புக் கண்ணாடியும் இல்லாமல் அதை வெட்டாதீர்கள். அது ஒட்டிய கல்லை ஒருபோதும் கொதிநீரில் போடாதீர்கள், அந்த ஆவியே ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்.

நுளம்புச் சுருளையும் தெளிமருந்தையும் தொட்டி உள்ள அறையில் பாவிக்கக்கூடாது. அவற்றில் உள்ள பைரித்ரொயிட் வகை நஞ்சு இறாலையும் மீனையும் எளிதில் கொல்லும். டெங்குக்குப் புகை விசிற வருகிறார்கள் என்ற அறிவித்தல் கேட்டால், யன்னல்களைச் சாத்தி, விசிறியையும் காற்றுப் பம்பையும் நிறுத்தி, ஈரத்துணியால் தொட்டியை மூடுங்கள். நீர்ப்பம்பு மட்டும் ஓடட்டும். புகை கலைந்து ஒரு மணி நேரம் சென்றபின் திறக்கலாம். கரியை அன்றே மாற்றுங்கள்.

12. தொடர் வேலையும் செலவும்

கிழமைக்கு ஒருமுறை ஏழெட்டு லீற்றர் தண்ணீரை மாற்றினால், மென்முருகைக்குத் தனியாகக் கல்சியம் ஊற்றத் தேவையில்லை. காரத்தன்மை 8 முதல் 9 டீகேஎச் (காபனேற்று வன்மையின் அலகு), நைத்திரேற்று லீற்றருக்குப் பத்து மில்லிகிராமுக்குள், பொசுபேற்று 0.1 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும்.

ரூபாக் கணக்கை இங்கே எழுதவில்லை; உப்பும் விளக்கும் சோதனைக் கரைசலும் இறக்குமதிப் பொருள்கள், டொலரோடு ஏறி இறங்கும். ஆனால் எது எவ்வளவு தேவை என்பது மாறாது. மாதம் ஒன்றேகால் கிலோ உப்பு. மாற்றுவதற்கு முப்பது லீற்றரும், ஆவியானதை நிரப்பக் காலத்துக்கேற்ப முப்பது முதல் அறுபது லீற்றரும் வடித்த தண்ணீர். மின்சாரம்: 12 வாற்றுப் பம்பும், முன்தொட்டியில் நீரோட்டம் உண்டாக்கும் 6 வாற்று அலைப்பம்பும் நாள் முழுவதும், 45 வாற்று விளக்கு எட்டு மணி நேரம், விசிறி அரைநாள் என்றால் மாதம் 26 அலகு அளவில் வரும். வீட்டுப் பாவனைக்கு அலகு கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறுவதால், இந்த 26 அலகும் உங்கள் பட்டியலின் உச்சப் படியில்தான் விழும். முந்தைய மாதப் பட்டியலை எடுத்து, கடைசிப் படியின் விலையால் பெருக்கிப் பாருங்கள். தொடக்கச் செலவில் கண்ணாடியும் சிலிக்கனும் சிறு பங்குதான். விளக்கு, ஒளிமுறிவுமானி, சோதனைக் கரைசல்கள் மூன்றும் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். காசு முட்டுப்பட்டால் விளக்கைப் பிறகு வாங்கலாம், மீன் மட்டும் உள்ள தொட்டிக்குச் சாதாரண வெளிச்சமே போதும். அளக்கும் கருவிகளைத் தள்ளிப்போட முடியாது.